குடியிருப்புகளிடையே கோழி வளர்த்தலும் அதற்குரிய ஒழுங்குகளும்

கிராமங்களில் அண்டை வீட்டாரிடையே உண்டாகும் சச்சரவுகளில் கோழியால் விளைவன பல. காலையில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கத்தரி நாற்றங்காலைக் கிளறிவிடுகின்றன. மாலைக்குள் வாய்ச்சண்டை மூண்டு, மறுநாள் ஊராட்சித் தலைவரிடம் முறையீடு வந்து சேர்கிறது. அவ்வமயம் ஊர்ப் பொறுப்பிலுள்ளோர் இருவகையாக நடப்பதைக் காண்கிறோம். ஒரு சாரார், இஃது அற்ப விஷயம் என்று தள்ளிவிடுவர். மற்றொரு சாரார், தெருவில் கோழியே கூடாதென்று சொல்லிவிடுவர். இவ்விரண்டும் தவறு. கோழியைத் தடுப்பதை விடுத்து, அதனால் வரும் கெடுதியைத் தடுக்கும் ஒழுங்கே ஊருக்கு நன்மை தருவதும் நிலைத்து நிற்பதும் ஆகும். அதன் விவரத்தை ஈண்டுக் கூறுவோம்.

கோழியை நம்பியிருப்போர்

புழக்கடையில் பத்துக் கோழி வளர்ப்போர் பெரும்பாலும் நிலமில்லாதவரும் சிறு குடியானவரும், அவருள்ளும் பெண்டிருமே ஆவர். மாட்டிற்கு வைக்கோலும் தீவனமும் வேண்டும். ஆட்டிற்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். கோழியோ களத்தில் சிந்திய மணியையும், வீட்டில் மிஞ்சிய சோற்றையும், புழு பூச்சிகளையும் தின்று வளர்கிறது. நாட்டுப் பெட்டை ஆண்டொன்றுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடுமாயினும், அதற்காகும் செலவு மிகச் சொற்பம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோதும், பள்ளிக்கூடம் திறக்கும்போதும், சந்தையில் விற்ற ஒரு சேவலின் விலை கைகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

2019-ஆம் ஆண்டில் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலிருந்த கோழியினங்கள் 85 கோடிக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ 31 கோடியே 70 லட்சம் புழக்கடைப் பறவைகள். 2012-ஆம் ஆண்டின் கணக்கோடு ஒப்பிடுங்கால், புழக்கடைப் பறவைகள் 45 சதவீதத்திற்கு மேல் பெருகியிருந்தன. இத்தகைய செல்வத்தை ஒரே முறையீட்டின் பேரில் அடியோடு நீக்குவது, ஒருவருக்கு அமைதியையும் பலருக்கு நஷ்டத்தையும் தருவதாகும்.

ஆயினும் முறையிடுவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நாற்றங்கால் அழிந்தால் விதையும், உழைப்பும், அப்பருவத்தின் ஈரமும் போய்விடும். கூட்டின் நாற்றத்தையும் ஈயையும் சகித்துக்கொண்டு குழந்தைகளை வளர்க்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது.

சட்டத்தின் நிலை

முதலாவது, பட்டியில் அடைத்தல். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் கால்நடை என்பதற்குத் தந்த விளக்கத்தில் மாடுகளோடு யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு ஆகியவை அடங்கும். கோழி அதில் சொல்லப்படவில்லை. ஆகவே, பயிரில் மேய்ந்த மாட்டைப் பட்டிக்கு ஓட்டுவது போலக் கோழியைப் பிடித்து அடைப்பதற்கும், தண்டம் வாங்குவதற்கும் அச்சட்டத்தில் இடமில்லை. சினத்தால் கோழியைக் கல்லெறிந்து கொல்பவர் தாமே குற்றத்திற்கு ஆளாக நேரும் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, பொது உபத்திரவம். 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 270-ஆம் பிரிவு இதனை விளக்குகிறது. அக்கம்பக்கத்தில் குடியிருப்போர்க்குப் பொதுவாகத் தீங்கோ ஆபத்தோ தொந்தரவோ விளைவிப்பதே பொது உபத்திரவம். ஒருவருடைய மனக்கசப்பு மாத்திரம் அதற்குப் போதாது. அதே சமயத்தில், செய்பவருக்குச் சிறிது வசதியோ பயனோ உண்டென்ற காரணத்தால் அந்த உபத்திரவம் மன்னிக்கப்படுவதும் இல்லை. இத்தகைய உபத்திரவத்தை அகற்றுமாறு உத்தரவிடும் அதிகாரத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 152-ஆம் பிரிவு மாவட்ட நடுவருக்கும் உட்கோட்ட நடுவருக்கும் அளிக்கிறது.

மூன்றாவது, பண்ணைகளுக்குரிய விதிகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், 5,000 பறவைகளும் அதற்கு மேலும் வைத்திருக்கும் பண்ணைகளைக் கருதியது. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளிப் பண்ணை அமைய வேண்டும் என்பது அதிலுள்ள ஓர் அம்சம். இதனைப் பத்துக் கோழி வளர்ப்பவர்மேல் ஏவுவது பொருந்தாது. அவ்வாறே, தெருவின் நடுவே ஆயிரம் கறிக்கோழிகளை அடைத்து வைத்துக்கொண்டு, வீட்டுக் கோழிதானே என்று ஒருவர் தப்பித்துக்கொள்ளவும் இடந்தரலாகாது.

நகரப் பகுதிகளின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டில் நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நகராட்சி எல்லைக்குள் வசிப்போர், கூடு கட்டுமுன் நகராட்சி அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிந்துகொள்வது நலம். கிராமத்திலோ பத்து இருபது கோழி வைத்திருக்கும் வீட்டிற்கென்று எழுதப்பட்ட ஒழுங்கு அநேகமாய் இருப்பதில்லை. அந்தக் குறையை ஊரார் தாமே கூடி நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பிற தேசங்களின் அநுபவம்

இங்கிலாந்தில் ஊரார்க்குக் காய்கறி பயிரிடச் சிறு துண்டு நிலங்களைக் குத்தகைக்கு விடும் வழக்கம் உண்டு. குத்தகைப் பத்திரத்தில் தடை எழுதியிருந்தாலும், அந்நிலங்களில் பெட்டைக் கோழியும் முயலும் வளர்க்கலாம் என்று 1950-ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தந்தது. ஆனால் சேவல் வளர்த்தலாகாது; வியாபாரமாக நடத்தலாகாது; சுகாதாரத்திற்குக் கேடோ பிறருக்கு உபத்திரவமோ உண்டாகும்படி வைத்திருத்தலாகாது. அச்சட்டம் கோழிக்கு இடந்தந்து, கெடுதிக்கு இடந்தராமல் வரம்பு கட்டியது காண்க.

பிரான்ஸ் தேசத்தில் ஒலெரோன் என்னும் தீவில், மோரிஸ் என்று பெயரிடப்பட்ட சேவலொன்று அதிகாலையில் கூவியதால் அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவலின் உடையவருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில், நாட்டுப்புறத்தின் ஒலிகளும் மணங்களும் அதன் மரபுச் செல்வத்தைச் சேர்ந்தவை என்று அத்தேசத்தார் சட்டமும் செய்தனர். சேவலின் விஷயத்தில் இரு தேசங்கள் இருவிதமாக முடிவு கண்டமையால், இடத்திற்கேற்ப ஒழுங்கு வேறுபடலாம் என்பது தெளிவு.

கெடுதி பிறக்கும் இடங்கள்

எச்சம்: வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சம் இடும். பத்துக் கோழிக்கு நாள்தோறும் 1 கிலோ. ஆண்டிற்கு 365 கிலோ. வெப்பமான பருவத்தில் ஈயின் முட்டை ஈயாக மாறுவதற்கு 7 முதல் 10 நாட்களே போதும். ஆதலின், எச்சத்தை வாரம் இருமுறை அகற்றினால் அதில் ஈ பெருக வழியில்லை; பதினைந்து நாள் விட்டுவைத்தால் தெரு முழுவதும் ஈ மொய்க்கும். அகற்றிய எச்சத்தை எருக்குழியிலிட்டு, இலைச் சருகும் மண்ணும் பரப்பி மூடவேண்டும். கோழி எரு மாட்டு எருவைவிடத் தழைச்சத்து மிகுந்தது. பச்சையாகச் செடியின் அடியிலிட்டால் வேரைக் கருக்கிவிடும். மக்கவைத்து இட்டால் காய்கறித் தோட்டம் செழிக்கும். நிலமுடையவர் இவ்வெருவை விலைக்கு வாங்கிக்கொண்டால், வளர்ப்பவருக்குக் கூட்டைச் சுத்தம் செய்ய வேறு தூண்டுதல் வேண்டாம்.

மேய்ச்சல்: பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடும். அதிகாலையில் திறந்துவிட்டால் அடுத்தவர் வைக்கோற்போரில் முட்டையிட்டு வரும். பத்து மணிக்குமேல் திறந்துவிட்டால் முட்டை கூட்டிலேயே தங்கும். அயலார் தோட்டத்திற்கும் சேதம் குறையும். நாற்றுவிடும் பருவத்தில் சில வாரங்கள் புழக்கடையிலேயே மூங்கிற் படலோ வலையோ கட்டி அடைத்துத் தீனியிட வேண்டும். குஞ்சுகளுடன் திரியும் தாய்க்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பருந்தினின்றும் காக்கலாம். நாற்றங்கால் உடையவரும் பழைய மீன்வலையோ முள்ளோ கொண்டு தம் விதையைக் காத்தல் முறை. காவல் இருபக்கத்தார்க்கும் உரியது.

சேவல்: முட்டைக்குச் சேவல் அவசியமன்று, குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டைக்கே அவசியம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கூட்டை இருட்டாக்கினால் கூவாது என்று சிலர் எண்ணுவர். சேவல் தன் உடலிலுள்ள காலக் கணக்கினாலேயே விடியலை அறிந்து கூவுகிறது என்று 2013-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆதலால், மிகுதியான சேவல்களை விற்றுவிடுவதும், கூட்டை அயலார் படுக்கும் அறையினின்றும் தள்ளி வைப்பதுமே தக்க பரிகாரம்.

நோயும் மறைத்தலும்

மேற்கூறியவை அண்டை வீட்டோடு நிற்பவை. நோயோ ஊர் முழுவதையும் பாதிக்கும். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிகெத் நோய் ஒரு வீட்டில் நுழைந்தால், சில நாட்களில் அத்தெருவின் கோழிகளெல்லாம் மடிதல் கூடும். கண்டபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசியே காவல். தமிழ்நாட்டில் கால்நடைத் துறையினர் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்தி, கிராமத்துக் கோழிகளுக்கு இலவசமாக ஊசி போடுகின்றனர். ஒன்பது வீட்டார் போட்டுக்கொண்டு பத்தாவது வீட்டார் விட்டுவிட்டால், நோய் தங்க அவ்வீடே இடமாகிறது.

பறவைக் காய்ச்சல் இதனினும் கொடிது; மனிதரையும் பற்றக் கூடியது. இந்தியாவில் இது முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்திலுள்ள நவாப்பூரில் கண்டறியப்பட்டது. நோய் உறுதிப்பட்டால், அவ்விடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகளை அழித்து, 10 கிலோமீட்டர் வரை கண்காணிக்கும் முறை ஏற்பட்டுள்ளது. அழிக்கும் பறவைகளுக்கு மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து இழப்பீடு தருகின்றன. எனினும் கோழி போய்விடுமே என்னும் அச்சத்தால், செத்த கோழியை இரவில் ஏரியிலோ வாய்க்காலிலோ எறிவோரும், நோய்ப்பட்டதை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுவோரும் உளர். அவர் காப்பாற்ற எண்ணுவது பத்துக் கோழி. அழிவுக்குள்ளாக்குவது பல ஊர்க் கோழிகளை.

2009-ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டம், கோழியினத்தையும் விலங்கு என்பதில் அடக்கி, நோய் உண்டென்று கருத இடமிருந்தால் அதனைக் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்கும் கடமையை உடையவர்மேல் வைத்திருக்கிறது. அவர்கள் அதனை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். சேதி சொல்ல வருபவரைக் குற்றவாளி போல் நடத்தினால் அடுத்தவர் சொல்ல வரமாட்டார். இதனைக் கிராம அலுவலர்கள் முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டும்.

கிராம சபைக்கு ஒரு மாதிரி

கிராம சபையில் ஆலோசித்து, ஊரின் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளத் தக்க ஒழுங்குகள் சிலவற்றைக் கீழே தருகிறோம். இவை ஊரார் மனமொத்து ஏற்கவேண்டிய ஏற்பாடுகள். சட்டத்தின் இடத்தை இவை பெறா.

1. குடியிருப்பு வரிசையில் ஒரு வீட்டிற்கு இத்தனை கோழி என்று அளவு குறித்தல். 20-க்கு மேல் வளர்க்க விரும்புவோர் ஊருக்குப் புறத்தே கொட்டகை அமைத்தல்.

2. கூடு அயலார் சுவரிலிருந்து குறைந்தது 10 அடியும், குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடியும் தள்ளியிருத்தல்.

3. கோழிகள் இரவில் தரையிலிருந்து 2 அடி உயர்ந்த கூட்டில் அடைபடுதல். 10 கோழிக்கு 4 அடி நீளமும் 3 அடி அகலமும் போதும். கீரியும் காட்டுப்பூனையும் நுழையாதபடி அடைப்பு வேண்டும்.

4. எச்சத்தை வாரம் இருமுறை அகற்றி எருக்குழியில் மூடுதல்.

5. நாற்றுவிடும் பருவத்தைத் தண்டோரா மூலம் அறிவித்து, அந்நாட்களில் கோழிகளை அடைத்து வைத்தல். சேதம் நேர்ந்தால் இருதரப்பார்க்கும் பொதுவான இருவர் பார்த்து மதிப்பிடுதல்.

6. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலுக்கு மேல் வைக்காமை.

7. தடுப்பூசி முகாமில் ஒரு வீடும் விடுபடாமை.

8. ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் கோழிகள் மடிந்தால் அன்றே தெரிவித்தல். செத்தவற்றைக் கால்நடை மருத்துவர் சொற்படி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல்.

இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. மூங்கில், பழைய வலை, ஒரு மண்வெட்டி ஆகியவை கொண்டே பெரும்பாலும் நிறைவேற்றலாம். புது முறையீடு வந்த பிறகு ஒழுங்கு எழுத முற்பட்டால், அஃது ஒருவருக்கு எதிராக எழுதப்பட்டதாகவே தோன்றும். சச்சரவில்லாத நாளில், கோழி வளர்க்கும் பெண்டிரையும் நாற்றங்கால் உடையவரையும் ஒருங்கே அழைத்துப் பேசி எழுதினால், அதனைக் காப்பதும் எளிதாகும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு ஊராட்சித் தலைவர்களையும் நிலமுடையோரையும் வேண்டுகிறோம்.