கோபுரத்துல நாலு பேரு... பறைக்கு ஒரு பேரு!

சிதம்பரம் கோயிலுக்கு நான் எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே கிடையாது. எக்ஸாமுக்கு முன்னாடி ஒரு தடவை, ரிசல்ட்டுக்கு முன்னாடி ரெண்டு தடவை, அரியர் விழுந்தா... சரி, அதை விடுங்க பாஸ்!

இத்தனை தடவை போயும், வடக்கு கோபுரத்துல நாலு மனுஷங்க சிலையா நிற்கிறதை நான் கவனிச்சதே இல்லை. காட்டினவன் என் ரூம்மேட். சிவில் படிக்கிறவன். "எல்லாரும் சாமியைப் பார்க்கப் போறீங்க, கட்டினவனை ஒரு தடவை பாருங்கடா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான்.

விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் 16-ம் நூற்றாண்டில் எழுப்பிய கோபுரம் அது. ராஜாவுக்கும் அங்கே சிலை இருக்கு. ராஜாவுக்குச் சிலை வைக்கிறதுல ஆச்சர்யம் இல்லை. ஆச்சர்யம், அந்த நாலு பேர்தான். கோபுரத்தைக் கட்டிய சிற்பிகள்! பேரையும் கல்லிலேயே வெட்டி வெச்சிருக்காங்க. விருத்தகிரியில் கேசவப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி. விருத்தகிரின்னா வேற எங்கேயும் இல்லை, நம்ம விருத்தாசலம்தான். அப்பா-மகன், அண்ணன்-தம்பின்னு ரெண்டு குடும்பம். ஐந்நூறு வருஷமா அங்கேயே நிற்கிறாங்க.

"சூப்பர்டா"ன்னு செல்லுல ஒரு போட்டோ எடுத்தேன். அவன் எடுக்கலை. கோபுரத்தோட உள்சுவர்ல இருக்கிற நாட்டியக் கரணச் சிற்பங்களைப் பார்த்துக்கிட்டு நின்னான். ஆடுற பெண்ணுக்குப் பக்கத்துல, குட்டியா, தாளம் போடுற ஆட்கள்.

"கல்லு செதுக்கினவனுக்குப் பேரு இருக்கு. மேளம் அடிச்சவனுக்கு எங்கடா பேரு?"

எனக்குப் பதில் தெரியலை. அவன் ஏன் இதைக் கேட்கிறான்னும் அப்போ தெரியலை.

நானும் சிரிச்சேன்!

ஒரு ஃப்ளாஷ்பேக். போன வருஷம் கல்ச்சுரல்ஸ் மீட்டிங். ஓப்பனிங்குக்கு என்ன வைக்கலாம்னு டிஸ்கஷன். ஒருத்தன் "பறை வைக்கலாமா?"ன்னு கேட்டான். பின் வரிசையில இருந்து இன்னொரு குரல், "இது என்ன சாவு வீடாடா?" மொத்த ரூமும் சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். ரூம்மேட் மட்டும் செல்லை நோண்டிக்கிட்டு இருந்தான்.

கோபுரம் பார்த்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரிதான் சொன்னான். அவங்க அப்பா பறை அடிக்கிறவர். தாத்தாவும்தான். ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல, ஒரே பக்கெட்டுல தண்ணி பிடிச்சிருக்கோம். இது எனக்குத் தெரியாது.

'ஸாரி'ன்னு சொல்ல வாய் வரலை. அவனும் எதிர்பார்க்கலை. பெட்டிக்கு அடியில இருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் குடுத்தான். "படி"ன்னான். 'வடு'. எழுதினவர், கே.ஏ.குணசேகரன்.

யார் இந்த குணசேகரன்?

1955-ல், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை என்ற கிராமத்தில் பிறந்தவர். இன்னிக்கு அது சிவகங்கை மாவட்டம். தலித் குடும்பம். வறுமைன்னா, நம்ம ஹாஸ்டல்ல மாசக் கடைசியில வருமே, அந்த வறுமை இல்லை. சாப்பாடே கேள்விக்குறியான வறுமை.

பின்னாளில் நாட்டுப்புறப் பாடகர், ஆய்வாளர், நாடகக்காரர், பேராசிரியர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறைப் பேராசிரியராக இருந்தார். கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஏறினா பாண்டி, பாண்டி தாண்டினா காலாப்பட்டு. நமக்கு அவ்வளவு பக்கத்துல இருந்த மனுஷன்! 2008-ல் இருந்து சில ஆண்டுகள் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

'வடு' 2005-ல் வெளிவந்த தன்வரலாறு. தமிழின் முதல் தலித் தன்வரலாறுகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது. 2009-ல் ஆங்கிலத்திலும் வந்தது. ஒரே ராத்திரியில படிச்சு முடிச்சுடலாம். முடிச்ச பிறகு தூக்கம்தான் வராது.

பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப் கணக்கெடுக்கும் காட்சி ஒண்ணு வரும். கிளாஸ்ல சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அந்தப் பிள்ளைங்க எல்லார் முன்னாடியும் எழுந்து நிற்கணும். உதவித்தொகை வாங்கணும்னா அவமானத்தையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கணும்!

இன்னொரு விஷயமும் சொல்றார். இஸ்லாமியர்கள் நிறைய வாழ்ந்த இளையான்குடியில் அவரை யாரும் சாதி கேட்டு ஒதுக்கலை. உறவுமுறை சொல்லிப் பழகினாங்க. ஊரைத் தாண்டி கிராமத்துக்குள்ளே காலை வெச்சாத்தான் சாதி வந்து வழியை மறிக்கும். சில மைல் தூரத்துக்குள்ளேயே ஒரு பையன் ரெண்டு விதமா நடத்தப்படுறான். அப்போ சாதி மனுஷன் உடம்புல இல்லை, பார்க்கிறவன் கண்ணுலதான் இருக்குன்னு ஒரு சின்னப் பையனுக்கே புரிஞ்சுடுது.

பாட்டு ஏறிய மேடை

அந்தப் பையனுக்கு நல்ல குரல். வயல்ல கேட்ட பாட்டு, சாவு வீட்டில் கேட்ட ஒப்பாரி, திருவிழாவில் கேட்ட தெம்மாங்கு எல்லாம் மனசுல ஏறிடுச்சு. படிப்பும் பாட்டும் கூடவே வந்தன. நாட்டுப்புறக் கலைகளையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அதாவது, எதை வெச்சு ஊர் அவரைக் கேலி பண்ணுச்சோ, அதுலயே டாக்டரேட்!

'தன்னானே' என்ற பெயரில் கலைக்குழு நடத்தினார். பறையும் தவிலும் பம்பையும் கல்லூரி மேடைகளிலும் பொதுக்கூட்ட மேடைகளிலும் ஏறின. ஒலிநாடாக்கள் வந்தன. டேப் ரிக்கார்டர் காலம் அது. ஒரு கேசட் ஒரு ஊருக்குள்ள போச்சுன்னா, ஊரே கேட்கும்.

அவர் குரலில் தமிழ்நாடு முழுக்கப் போன பாட்டு, 'மனுசங்கடா'. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்து, சென்னை நியூ காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் பாட, அது யாரோட பாட்டுன்னே தெரியாத அளவுக்கு ஊர்ஊரா மக்கள் பாட்டாகிடுச்சு. 2017-ல் இயக்குநர் அம்ஷன் குமார் எடுத்த திரைப்படத்துக்கும் அதே பேர்தான். அப்பாவின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துட்டுப் போக அனுமதி இல்லாமப் போராடுற ஒரு மகனோட கதை.

பாட்டோட நிற்கலை. 'பலி ஆடுகள்' என்று நாடகம் எழுதினார். தலித் மக்களின் ஆட்டம், பாட்டு, பேச்சு இதையெல்லாம் வெச்சே ஒரு நாடக முறை இருக்க முடியும்னு 'தலித் அரங்கியல்' பற்றி எழுதினார். கலைஞர்களை வெறும் 'தகவல் தருபவர்' ஆக்காமல், தானும் கூட நின்னு பாடிய ஆராய்ச்சியாளர். அது ரொம்பப் பெரிய வித்தியாசம் இல்லையா?

வைக்கோல் நெருப்பும் ஃபார்முலாவும்

போன மாசம் ரூம்மேட் வீட்டுக்குப் போனேன். கடலூர் பக்கம் ஒரு கிராமம். அவங்க அப்பா பறையை எடுத்துக் காட்டினார். மரச்சட்டத்துல தோல். வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டுல தோலைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். விரலால சுண்டிப் பார்த்தார். மறுபடி காய்ச்சினார். அப்புறம்தான் குச்சிகளைக் கையில் எடுத்தார். குட்டையா தடிமனா இருக்கிறது அடிக்குச்சி. நீளமா மெல்லிசா வளையுறது சுண்டுக்குச்சி.

நம்ம ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான் இது! சூட்டுல தோலோட ஈரம் போகும், தோல் சுருங்கும், இழுவிசை கூடும். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அதிர்வெண் ஏறும். இழுவிசை நாலு மடங்கானா சுருதி ரெண்டு மடங்கு. நாம லேப்ல மீட்டர் வெச்சு அளக்கிறதை அவர் ஒரு சுண்டுல அளக்கிறார். சிலபஸ்ல இவருக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்கு எல்லாம் எங்க தாத்தா காலத்துல அடிச்சிருக்காங்க தம்பி. என் காலத்துல சாவுக்கு மட்டும்தான் கூப்பிடுவாங்க. கூலி கேட்டா சண்டை. அதான் இவனுக்கு நான் சொல்லிக் குடுக்கலை. பார்த்தே கத்துக்கிட்டான்."

"உங்க அப்பா போட்டோ இருக்காப்பா?"ன்னு கேட்டேன்.

"போட்டோ எல்லாம் ஏது..."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்தக் கோபுரத்துல நின்ன நாலு பேர் ஞாபகம் வந்துச்சு.

தோல் கொடுத்தவர் வெளியே!

சிதம்பரத்துக்கும் மேளத்துக்கும் இன்னொரு பழைய கணக்கு இருக்கு. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வரும் நந்தனார், கொள்ளிடக் கரை ஆதனூர்க்காரர். சிதம்பரம் போகத் தவித்த பக்தர்னு நமக்குத் தெரியும். அவர் செஞ்ச வேலை என்ன? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பது. உள்ளே ஒலிக்கிற சத்தம் அவர் கொடுத்த தோல்ல இருந்து வருது. அவர் மட்டும் வெளியே! தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் உள்ளே போனார்னு கதை சொல்லுது.

பறைன்னா 'சொல்' என்றும் பொருள். பறைதல்னா சொல்லுதல். மலையாளத்துல இன்னிக்கும் அப்படித்தான். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. கடற்கரை நெய்தலுக்கு மீன்கோட்பறை. நம்ம கடலூர் பறை! அப்படி எல்லா நிலத்துக்கும் பொதுவா இருந்த கருவியை ஒரே தெருவுக்குள்ள தள்ளி, சாவுக்கு மட்டும்னு முத்திரை குத்திட்டோம். அந்த மக்கள் பேரில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன 'பரையா' என்ற சொல்லுக்கு அகராதியில் அர்த்தம், ஒதுக்கப்பட்டவன்.

குணசேகரன் செஞ்சது இதைத் திருப்பிப் போட்ட வேலை. வெளியே நின்ன பறையை மேடைக்கு நடுவுல கொண்டுவந்து வெச்சார். ஊர் சொன்ன கேவலத்தைப் புத்தகமா எழுதித் தன் பேரைப் போட்டுக் கையில கொடுத்தார். அவர் மட்டும் தனியா செஞ்சார்னு சொல்லலை. ஆனா 2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட மாணவர்கள் நடுவுல பறை அதிர்ந்துச்சே, அந்தச் சத்தத்துக்கு முன்னாடி இவர் மாதிரி சிலர் நடந்து போட்ட பாதை இருக்கு.

அதைப் பார்க்க அவர் இல்லை. 2016 ஜனவரி 17-ம் தேதி, 60 வயதில், புதுவையில் காலமானார். அதே நாளில்தான் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஸ்காலர்ஷிப்புக்காக எழுந்து நின்ன பையன் பேராசிரியராகி விடைபெற்ற அதே நாள், பல்கலைக்கழகம் வரைக்கும் வந்த இன்னொரு பையனால அதுக்கு மேல நடக்க முடியலை. தேதி தற்செயல்தான். ஆனா ரெண்டையும் சேர்த்துப் படிச்சா, நம்ம கிளாஸ் ரூம் அவ்வளவு ஒண்ணும் மாறிடலையோன்னு தோணுது. 'மனுசங்கடா' எழுதிய இன்குலாப்பும் அதே 2016 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்.

மொட்டை மாடியில் ஒரு ராத்திரி

ஊர்ல இருந்து திரும்பும்போது ரூம்மேட் பறையையும் எடுத்துட்டு வந்தான். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சினான். அடிச்சான். கீழ இருந்து ஒவ்வொருத்தனா மேல வந்தாங்க. யாரும் 'சாவு வீடா'ன்னு கேட்கலை. கால் சும்மா நிற்கலைங்கறதுதான் நிஜம். அன்னிக்கு மீட்டிங்ல கமென்ட் அடிச்சவனும் வந்தான். ஓரமா நின்னு பார்த்துட்டு, "எனக்கும் கத்துக் குடுடா"ன்னான். "முதல்ல குச்சி பிடிக்கக் கத்துக்கோ"ன்னு இவன் சிரிச்சான்.

இந்த வருஷ கல்ச்சுரல்ஸ்ல பறை இருக்கு. லிஸ்ட்ல எழுதியாச்சு.

இதோட கட்டுரையை முடிச்சா ஹேப்பி எண்டிங். ஆனா இன்னொண்ணு சொல்லணும். எழுதி முடிச்சு அவன்கிட்டதான் முதல்ல காட்டினேன். முழுசாப் படிச்சான். "நல்லாருக்கு. ஆனா என் பேரை எடுத்துடு"ன்னான்.

"ஏன்டா?"

"அடுத்த வருஷம் ப்ளேஸ்மென்ட் மச்சி. எவன் கண்ணுல எது படும்னு யாருக்குத் தெரியும்?"

நான் விவாதம் பண்ணலை. எடுத்துட்டேன்.

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி விருத்தாசலத்துக்காரர் கேசவப்பெருமாள் தன் பேரைக் கல்லில் வெட்டிக்கிட்டார். மாரந்தை குணசேகரன் தன் பேரைப் புத்தகத்துல எழுதினார். என் ரூம்மேட்டுக்கு ஒரு வாரப் பத்திரிகையில பேரைப் போட இன்னும் பயமா இருக்கு. அந்தப் பயம் அவனோட தப்பில்லை. அன்னிக்கு மீட்டிங்ல சிரிச்சோமே, அந்தச் சிரிப்போட தப்பு.

அடுத்த முறை சிதம்பரம் போனா வடக்கு கோபுரத்துல நில்லுங்க. அந்த நாலு பேரைப் பாருங்க. அப்படியே, உங்க ஊர்ல மேளம் அடிக்கிறவர் பேர் என்னன்னு கேட்டுப் பாருங்க.

எனக்கு ஒருத்தர் பேர் தெரியும். அவன் சொல்லச் சொல்றப்போ சொல்றேன்!