கை நடுக்கம் மட்டுமல்ல, கண்ணும் குறுக்கிடுகிறது

இலங்கையின் ஒலுவில் துறைமுகத்தைப் படம் கீற உட்காரும் மாணவர் முதலில் தேடுவது அடிமட்டத்தைத்தான். கடலும் வானமும் சேரும் கோடு, நிமிர்ந்து நிற்கும் வெளிச்சவீடு, கரையில் இழுத்துவிட்ட தோணியின் வளைவு, எதை வெறுங்கையால் கீறினாலும் நெளிந்துவிடுமோ என்ற பயம். அதனால் மெதுவாகக் கீறுகிறார். கோடு இன்னும் நெளிகிறது.

இதில் திறமைக் குறைவு எதுவுமில்லை. நோயில்லாத எவருடைய கையும் செக்கனுக்கு ஏறத்தாழ 8 முதல் 12 தடவை மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். தேர்ந்த ஓவியரின் கையும் விலக்கல்ல. விரைவாக ஓடும் கோட்டில் அந்த அதிர்வு நீண்ட தூரத்தில் பரவிக் கண்ணுக்குப் படாமல் போகும். ஊர்ந்து செல்லும் கோட்டில் அது நெருக்கமாகப் பதியும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பென்சில் முனை விலகுவதைக் கண் பார்த்து, மூளை தீர்மானித்து, தசை திருத்துவதற்கு 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை பிடிக்கும். அதற்குள் முனை வேறிடம் போயிருக்கும். தாமதமாக வந்த திருத்தமே புதிய பிழையாகும். அதற்கு இன்னொரு திருத்தம். ஒவ்வோர் அலைக்கும் சுக்கானைத் திருப்பினால் படகு வளைந்து வளைந்துதான் போகும்.

அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் வூட்வொர்த் 1899ஆம் ஆண்டிலேயே கையசைவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: முன்பே தீர்மானித்த முதல் வீச்சு, கண் பார்த்துச் செய்யும் பின்திருத்தம். 1985இல் ஆய்வாளர்கள் தாமர் ஃபிளாஷும் நெவில் ஹோகனும் ஒரு புள்ளியிலிருந்து மறுபுள்ளிக்குப் போகும் கையை ஆராய்ந்தனர். இடையில் தடை இல்லையென்றால் கை ஏறக்குறைய நேராக, மெல்லத் தொடங்கி நடுவில் விரைந்து மெல்ல முடிகிறது. சீராகப் போவது கைக்கு இயல்பு. அதற்கு நாம் வழிவிட வேண்டும்.

எனவே, முதலில் கோட்டின் இரு முனைகளிலும் புள்ளி வையுங்கள். தாளைத் தொடாமல் பென்சிலை அந்த வழியே சில தடவை ஓட்டிப் பாருங்கள். பிறகு முடிவுப் புள்ளியில் பார்வையை நிறுத்தி, ஒரே வீச்சில் கீறுங்கள். நீண்ட கோட்டுக்கு மணிக்கட்டு போதாது. அது சிறிய வட்டத்தின் மையம்போல் நின்று கோட்டை வளைத்துவிடும். தோளிலிருந்து கை அசைந்தால் வட்டம் பெரிதாகும், வளைவும் தணியும்.

அளவுக்கு மீறிய வேகமும் ஆகாது. தசைக்குப் போகும் ஆணை வலுக்க வலுக்க அதன் பிசகும் கூடும் என்று ஆய்வாளர்கள் ஹரிஸும் வோல்பர்ட்டும் 1998இல் விளக்கினர். தொடக்கத்தில் கோடு புள்ளியைத் தாண்டும், விலகும். அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைக் கீறுங்கள். குறி தவறுவதை மூளை திரும்பத் திரும்பக் கணக்கில் எடுத்துத் திருத்திக்கொள்ளும்.

கை சீரானால் போதாது, எதைக் கீறுவதென்று கண்ணும் அறிந்திருக்க வேண்டும். ஒலுவில் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்திருக்கிறது, வடக்கே கடல் கரையை அரித்திருக்கிறது. கரையை ஒரே நீளக் கோடாக நினைத்துக் கீறினால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும். சிக்கலான கோட்டை எளிய துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பதே தேர்ந்தவர்களின் துல்லியத்துக்குக் காரணம் என்கின்றன, ஓவியர்கள் கீறும் விதத்தை ஆராய்ந்த ஜோன் சாலென்கோவின் ஆய்வுகள். கரையையும் அப்படிப் பிரியுங்கள்: மணல் மேடு வரை ஒரு வீச்சு, கல்லணை வரை ஒன்று, அரித்த வளைவுக்கு இன்னொன்று.

தயங்காத கோட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: தமிழ்நாட்டு ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, கோடுகளாலேயே காந்தியை வரிசையாக வரைந்தார். அக்கோடுகளில் தடிப்பும் மெலிவும் உண்டு, தயக்கம் இல்லை. நாம் துணிவு என்று சொல்வது, கோடு எங்கே முடியும் என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிடுவதுதான். அந்தத் தீர்மானத்துக்கு அழிறப்பர் தேவையில்லை. தவறிய கோடு தாளில் இருந்தால்தான் அடுத்த கோட்டை எவ்வளவு தள்ளிக் கீறுவதென்று தெரியும்.