ரெனின்: இரத்த அழுத்தத்தின் முதல் கத்தரி

கோடை வெயிலில் நெடுந்தூரம் நடந்தால் வியர்வையோடு நீரும் உப்பும் உடலைவிட்டு வெளியேறுகின்றன. இரத்தத்தின் அளவு குறைகிறது. ஆயினும் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடுவதில்லை. ஏன்? சிறுநீரகங்கள் 'ரெனின்' என்னும் நொதியை இரத்தத்தில் கலந்து நிலைமையைச் சமாளிப்பது ஒரு முக்கிய காரணம்.

1898ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் ராபர்ட் டைகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களின் இரத்தத்தில் செலுத்தினர். அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. சாற்றிலிருந்த அந்தப் பொருளுக்கு ரெனின் எனப் பெயரிட்டனர்.

ரெனின் நேரடியாக அழுத்தத்தை உயர்த்துவதில்லை. அது ஒரு கத்தரி போன்றது. கல்லீரல் உண்டாக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்னும் புரதத்தின் நுனியில் 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை அது வெட்டுகிறது. மற்றொரு நொதி அதிலிருந்து இரண்டை நீக்க, 8 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 பிறக்கிறது. இதுவே இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உப்பை வெளியேறாமல் தடுக்கவும் செய்கிறது. இச்செயல் அளவு மீறினால் இரத்தக் கொதிப்புதான்.

அப்படியானால் முதல் கத்தரியையே தடுத்தால் என்ன? அதற்கான மருந்தைத் தேட மனித ரெனினே வேண்டும். மனித ரெனின் எலியின் புரதத்தை வெட்டாது. எலியின் ரெனினை வைத்து மனிதனுக்கு மருந்து தேடுவதும் எளிதன்று. மனிதச் சிறுநீரகத்திலோ ரெனின் மிகச் சொற்பம்.

மரபணுப் பொறியியல் இங்கே கைகொடுத்தது. மனித ரெனினுக்குரிய மரபணுவைச் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் புகுத்தி வளர்த்தனர். அச்செல்கள் முன்ரெனினைச் சுரக்கின்றன. அதன் வெட்டுவாயை 43 அமினோ அமிலங்கள் உறைபோல மூடியிருக்கும். டிரிப்சின் என்னும் நொதியால் உறையை நீக்கினால் கத்தரி தயார்!

சோதனை எளிது. வெட்டுப்பட்டால் ஒளிரும்படி அமைத்த சிறு புரதத் துண்டை ரெனினுடன் சேர்க்கிறார்கள், கரைசல் ஒளிரும். மருந்தைக் கலந்தபின் ஒளி மங்கினால், அம்மருந்து கத்தரியைத் தடுக்கிறது என்று பொருள்.

இவ்வாறு தயாரித்த ரெனினின் முப்பரிமாண வடிவம் 1989இல் வெளியாயிற்று. ரெனினை நேரடியாகத் தடுக்கும் அலிஸ்கிரென் என்னும் மாத்திரை 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து மாத்திரைக்கு வந்து சேர 109 ஆண்டுகள் ஆயின!