பச்சைச் சாடிக்குள் இருக்கும் இரும்பு

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றதும் ரோமானிய மதுச்சாடிகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 1945-இல் அங்கே அகழாய்வு செய்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலருக்குச் செலடான் என்னும் சீனத்துப் பச்சைப் பானை ஓடுகளும் கிடைத்தன. ரோமானியருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை அவை. ரோமுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட அந்தப் பச்சை ஓடுகளுக்குக் கிடைக்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

செலடான் பூச்சாடியின் பச்சை, சாயம் பூசி வந்ததல்ல. மேலே மெருகாகப் படிந்த கண்ணாடிப் படலத்தில் கலந்திருக்கும் ஓரிரு சதவீத இரும்புதான் அந்த நிறத்தைத் தருகிறது. சாடியின் விளிம்பில் படலம் மெலிந்து வெளிறித் தெரியும். செதுக்கிய பூவிதழ்ப் பள்ளங்களில் உருகி வழிந்து தேங்கி, அடர்பச்சையாகும். உள்ளே சிக்கிய நுண்குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் மரகதப் பளபளப்புக்குப் பதில் ஒரு மென்மை வருகிறது.

இப்படி மெருகேற்றிச் சுடும் நுட்பம் இன்று புதுச்சேரிக்கு அந்நியமில்லை. டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற அமெரிக்கர் இருவர் 1971-இல் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் பயின்ற பலர் ஆரோவில்லிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தச் சூளை வைத்திருக்கிறார்கள். எரிப்பது பெரும்பாலும் நம் கடற்கரைச் சவுக்கு. விறகுச் சாம்பலும் வீணாவதில்லை. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, களிமண்ணிலுள்ள சிலிக்காவைச் சீக்கிரம் உருகவைக்கும். சூளையில் பறந்த சாம்பல் பானைத் தோளில் படிந்து பளபளத்ததைப் பார்த்துத்தான் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே சீனக் குயவர்கள் மெருகுக் கலையை வளர்த்தெடுத்தார்கள்.

சூளை 1,250 பாகை செல்சியஸை நோக்கி ஏறுகையில், மெருகு உருகுவதற்கு முன்பே காற்றை மட்டுப்படுத்தி விறகைத் திணிப்பார்கள். புகைபோக்கி உச்சியில் தீநாக்கு எட்டிப்பார்க்கும். உள்ளே முழுதாக எரியாத கார்பன் மோனாக்சைடு, இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த இரும்பு பச்சை தரும். காற்றோட்டத்தோடு சுட்டிருந்தால் அதே சாடி தேன்மஞ்சளாக வெளிவந்திருக்கும். இரும்பை எட்டு, பத்து சதவீதமாக உயர்த்தினால் டென்மோக்கு என்னும் கறுப்பு மெருகு.

புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர் சுடுமண் சிலைகளின் சிவப்பும் இரும்புதான், ஆக்சிஜன் நிறைந்த இரும்பு. அரிக்கமேட்டின் கறுப்பு-சிவப்புப் பானைகளில் இரண்டு நிலையும் ஒரே கலத்தில் இருக்கின்றன: காற்றுப் பட்ட புறம் சிவந்தது, காற்றுப் புகாத உட்புறம் கரியேறிக் கறுத்தது. தீயின் மூச்சை அடக்கும் வித்தை நம் குயவர்களுக்கும் கைவந்திருந்தது. மெருகைக் கண்ணாடியாக உருக்கும் அந்த உயர்வெப்பச் சூளைதான் அன்று இங்கே எழவில்லை.