செல்போனும் பதினைந்து இலக்க எண்ணும்

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. அதன் பிறகு பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். இரவில் வீடு திரும்புகிறார்கள்.

இன்று அவர்களில் பலரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அது பேசுவதற்கு மட்டும் அல்ல. கூலிப் பணம் வந்த செய்தி அதில்தான் வருகிறது. கேஸ் சிலிண்டரை அதில்தான் பதிவு செய்கிறார்கள். போன் தொலைந்தால் இந்த வேலைகள் எல்லாம் நின்றுவிடும். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணமும் போய்விடும். எனவே, வாங்கும் நாளிலேயே கவனம் வேண்டும்.

வாங்கும்போது

விலை உயர்ந்த போன்தான் நல்ல போன் என்று நினைக்க வேண்டாம். நம் தேவை என்ன என்று முதலில் யோசிக்க வேண்டும். காலையில் சார்ஜ் போட்டால் இரவு வரை நிற்குமா? எழுத்துகள் பெரிதாகத் தெரியுமா? தமிழில் படிக்க முடியுமா? பழுது பார்க்கும் இடம் பக்கத்தில் உண்டா? இவற்றைக் கடையில் கேளுங்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. அதுபோல ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க எண் உண்டு. இதை ஐ.எம்.இ.ஐ. எண் என்பார்கள். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் இருக்கும். போனில் *#06# என்று அழுத்துங்கள். எண் திரையில் தெரியும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பில் எந்த மொழியில் இருந்தாலும் எண்ணை நாம் படிக்கலாம். ஒத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பழைய போன் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது திருட்டுப் போனாக இருக்கலாம். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். ஓர் இடம் விட்டு 15 இலக்க எண்ணை அடியுங்கள். இதை 14422 என்ற எண்ணுக்கு மெசேஜ் அனுப்புங்கள். பதில் வரும். அந்தப் போன் தடை செய்யப்பட்டது என்று வந்தால் வாங்காதீர்கள்.

பயன்படுத்தும்போது

போனுக்குப் பூட்டு எண் போடுங்கள். அந்த எண்ணைப் போன் உறையில் எழுதி வைக்காதீர்கள். வங்கியில் இருந்து மெசேஜில் வரும் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கி அதிகாரி என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் தேவை. பணம் வாங்க ரகசிய எண் தேவை இல்லை.

இன்சூரன்ஸ்

வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு. போன் தானாகப் பழுதானால் வாரண்டி உதவும். கீழே விழுந்து உடைந்தால் உதவாது. அதற்குத்தான் இன்சூரன்ஸ்.

ஆனால் எல்லா இன்சூரன்ஸும் ஒன்றல்ல. கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. தாளில் எழுதி இருப்பதே செல்லும். நான்கு விஷயங்களைப் படித்துப் பாருங்கள்.

1. உடைந்தால், தண்ணீர் பட்டால், திருடு போனால், இவற்றில் எதற்குப் பணம் உண்டு?
2. எதற்குப் பணம் இல்லை? ஒருவர் கையில் இருந்து போனைப் பறித்தால் அது திருட்டு. ரயில் இருக்கையில் மறந்து வைத்தால் அது தொலைப்பு. பல இன்சூரன்ஸ்களில் தொலைப்புக்குப் பணம் கிடையாது.
3. எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்?
4. செலவில் நம் பங்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போடுவோம். இன்சூரன்ஸுக்கு 1,000 ரூபாய் கட்டுகிறோம். திரை உடைகிறது. மாற்ற 3,000 ரூபாய் ஆகிறது. அதில் நம் பங்கு 1,000 ரூபாய். ஆக நமக்கு மொத்தச் செலவு 2,000 ரூபாய். மிச்சம் 1,000 ரூபாய். போன் உடையவே இல்லை என்றால் கட்டிய பணம் திரும்பாது. மலிவான போனுக்கு நல்ல உறையே போதுமா என்று யோசியுங்கள்.

இன்சூரன்ஸ் போனுக்குத்தான். வங்கிக் கணக்கில் இருந்து யாராவது பணம் எடுத்தால் அது பொதுவாக ஈடு செய்யாது.

திருடு போனால்

தாமதம் கூடாது. வேறு போனில் இருந்து சிம் கம்பெனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்துங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்குப் போன் செய்யுங்கள். போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். ரயிலில் நடந்தால் ரயில்வே போலீஸில் கொடுக்கலாம். ரயில்வே உதவி எண் 139. இன்சூரன்ஸ் இருந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள்.

பிறகு அதே நம்பருக்குப் புது சிம் வாங்குங்கள். மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு மே மாதம் சஞ்சார் சாத்தி என்ற இணைய வசதியைத் தொடங்கியது. அதில் 15 இலக்க எண்ணையும் புகார் விவரத்தையும் கொடுத்தால் போன் முடக்கப்படும். வேறு சிம் போட்டாலும் இந்தியாவில் அந்தப் போனில் பேச முடியாது. போன் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்கலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனி நியாயம் இல்லாமல் மறுத்தால் 155255-க்குப் புகார் சொல்லலாம். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915.

போலீஸ், சஞ்சார் சாத்தி, இன்சூரன்ஸ் கம்பெனி ஆகிய மூன்று இடத்திலும் கேட்பது அந்த 15 இலக்க எண்தான். போன் போன பிறகு அதைப் போனில் தேட முடியாது.

செய்து பாருங்கள்

இன்றே *#06# அழுத்துங்கள். தெரியும் எண்ணை நோட்டில் உங்கள் கையால் எழுதுங்கள். பில்லை ரேஷன் கார்டோடு வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள்.