அளவுப் புத்தகத்தைக் கேளுங்கள்

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் நான். பத்து ரூபாய் உதைத்தாலும் கணக்கு நேராகாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. விவசாயத்துக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை.

எங்கள் கண்மாயின் வரத்து வாய்க்காலைத் தூர்வாரியதாகப் பலகை வைத்தார்கள். உள்ளே சீமைக் கருவேலம் அப்படியே நிற்கிறது. அலுவலகத்தில் கேட்டால், "வேலை முடிஞ்சு பில்லும் பாஸாயிருச்சு சார்" என்றார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டது என் தவறு. ஒரே வரியில் பதில்: பணி முடிந்தது. காரணம் கேட்கக் கூடாது, காகிதம் கேட்க வேண்டும். அடுத்த மனுவில் மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகம் (எம்-புக் என்பார்கள்), பில் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டேன். பிரிவு 2(ஜே)-ன்படி, வேலை நடந்த இடத்தையே நேரில் ஆய்வு செய்யவும் உரிமை உண்டு. செலவு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்தான்.

பக்கத்து வயல்காரரிடம் கையெழுத்துக் கேட்டேன். "கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேண்ணே, என் பேரு வேணாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பென்ஷன் வருகிறது, அவருக்கு நெல் வந்தால்தான் உண்டு.

30 நாளில் பதில் இல்லை. அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், செய்தேன். அதற்கும் மசியாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் தகவல் ஆணையம். அதுவரை போகவில்லை, நகல் வந்துவிட்டது. புத்தகத்தில் 1,200 மீட்டர். நாலு பேர் டேப் பிடித்து அளந்தோம், 430. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அதே பக்கத்து வயல்காரர்.

2005-ல் வந்த இந்தச் சட்டத்துக்கு வித்து போட்டவர்கள் படித்த மேதாவிகள் மட்டுமல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனில் திரண்ட கூலிக்காரர்களும் விவசாயிகளும், கூலிப் பட்டியலை ஊர் நடுவே வாசித்துக் கேட்டார்கள். நம் மாவட்டத்திலும் பழைய கண்மாய்க் குமிழித் தூம்புகளில், செய்து வைத்தவர் பேர் கல்லிலேயே வெட்டியிருக்கும். இந்தக் காலத்துப் பலகையில் தொகைதான் பெரிதாக இருக்கிறது.

அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு எண்ணையும் வாசித்தேன். திட்டவில்லை, வாசித்ததோடு சரி. பத்தே நாளில் ஜேசிபி வந்தது. இன்னும் 310 மீட்டர் வாரினார்கள், மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் மேல்மடைக்குத் தண்ணீர் ஏறிவிட்டது, கடைமடைக்கு இல்லை. மீதி 460 மீட்டருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கீழே இரண்டு கையெழுத்து.