வண்டி பேசுது... கேளுங்க!



டிசைன் பேப்பரில் பேரிங் ஆயுளைக் கணக்குப் போட்டு மார்க் வாங்கிவிடுகிறோம். அதே பேரிங் ஆயுள் முடிந்து ரோட்டில் கத்தும்போது நமக்குப் புரிகிறதா? எனக்குப் புரியவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் மாமா விழுப்புரத்தில் வாடகை கார் ஓட்டுகிறார். வேகம் 50-ஐத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து 'ஊ...ங்' என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் "டயர் சத்தம்தான், மாத்திடுங்க" என்றார்கள். மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற பெருமையில் நானும் தலையாட்டினேன். மாதத் தவணைக்கு எடுத்து வைத்த பணத்தில் முன்டயர் இரண்டும் புதுசு போட்டார். மறுநாளும் அதே 'ஊ...ங்'! மாமா ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். அன்றிரவே சென்னை விமான நிலையத்துக்கு ஒரு சவாரியும் பேசியிருந்தார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். இந்த முறை வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தேன். மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டேன்.

முதல் கேள்வி: சத்தம் எதோடு கூடுகிறது? இன்ஜின் வேகத்தோடா, சக்கர வேகத்தோடா?

சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.7 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 10 சுற்று. இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 50 சுற்று, கேம் ஷாஃப்ட் அதில் பாதி. ஆக, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். விக்கிரவாண்டி தாண்டி ரோடு காலியாக இருந்தபோது மாமா கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டு வந்தார். இன்ஜின் அடங்கியது, 'ஊ...ங்' அடங்கவில்லை! அப்போ இன்ஜின் குற்றவாளி இல்லை. (சாவியை மட்டும் அணைக்காதீர்கள். பிரேக் பூஸ்டரின் உதவி போய்விடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.)

இரண்டாவது: ரோடு மாறினால் சத்தம் மாறுகிறதா?

டயர் சத்தம் என்றால் சொரசொரப்பான தாரில் ஒரு மாதிரி, வழவழப்பான தாரில் வேறு மாதிரி கேட்கும். இதுவோ எங்கும் ஒரே ராகம்.

மூன்றாவது: வளைவில் என்ன ஆகிறது?

வண்டி இடதுபக்கம் திரும்பினால் பாரம் வலதுபக்கச் சக்கரங்களுக்குப் போகும். இடது வளைவில் சத்தம் கூடியது, வலது வளைவில் குறைந்தது. "மாமா, வலது முன் சக்கர பேரிங்காதான் இருக்கணும்" என்றேன். "இதையும் நிச்சயமா சொல்றியாடா?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான்!

கூட்டேரிப்பட்டு அருகே ஓரம் கட்டி, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினோம். மறு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தால் 'கரகர' என்று அதிர்வு. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம். இடது சக்கரமோ வெண்ணெய் மாதிரி சுற்றியது. 30 வேகத்தில் ஓரமாகவே உருட்டித் திண்டிவனம் சேர்ந்தோம்.

மாமா கல்யாணத்தில் மொய் வைத்துவிட்டு வருவதற்குள் ஒரு மெக்கானிக் பேரிங்கைக் கழற்றிவிட்டார். கிரீஸ் கருகி, குண்டு ஓடும் பாதை செதில் செதிலாக உரிந்திருந்தது. இரவு சவாரியில் அது இறுகியிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. புது பேரிங்குடன் மாமா சவாரிக்குப் போனார். டயருக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பி வரவில்லை.

மற்ற சில 'பேச்சு'களும் தெரிந்துகொள்ளுங்கள்:

1. முழுசாகத் திருப்பி வளைக்கும்போது 'டக் டக்': முன்சக்கரம் இழுக்கும் கார்களில் சி.வி. ஜாயின்ட்.

2. பிரேக் பிடித்தால் 'கிரீச்': பேட் தேய்ந்திருக்கலாம். 'கரகர' என்றால் இரும்போடு இரும்பு உரசுகிறது, ஓட்டாதீர்கள்.

3. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீ...ச்': பெல்ட் தளர்ச்சி.

4. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அடியிலிருந்து கனமான 'டொக் டொக்', கூடவே ஆயில் விளக்கு: உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். பட்டறைக்கு இழுத்துத்தான் போக வேண்டும்.

1816-ல் பாரிஸ் டாக்டர் லென்னக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பதும் அதே வித்தைதான்.

பேரிங்கின் 'எல்-10' ஆயுள் என்றால் என்ன? நூற்றுக்குத் தொண்ணூறு அந்த ஆயுளை எட்டும் என்பதுதானே! மிச்சம் பத்து யார் வண்டியில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? பாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன்னால், நண்பர்களே, மூன்று கேள்வி கேளுங்கள். பணம் கொடுக்கப் போவது நாம் இல்லை, யாரோ ஒரு மாமா!